15 வயது காரை வைத்துக்கொள்ளலாமா? உப்புக்காற்று வீசும் குமரியில் வீட்டிலேயே செய்ய வேண்டிய பராமரிப்பு

ஜூன் மாத மழை விடியும் முன்பே பிடித்துக்கொண்டது. நாகர்கோவிலில் ஒரு வீட்டு முற்றம். சாவியைத் திருப்பினால் ‘டிக், டிக்’ என்ற சத்தம் மட்டும்தான் வருகிறது. டி.என். 74 நம்பர் பிளேட், ஓடோமீட்டரில் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர், ஆர்.சி.யில் 2010. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி. ‘இதைத் தள்ளிட்டு இ.எம்.ஐ.ல புதுசு எடுத்துரலாமா?’ என்ற பேச்சு அந்த நேரத்தில்தான் தொடங்கும்.

குமரி மாவட்டத்தில் பல வீடுகளுக்கு இப்படி ஒரு காலை பழக்கம்தான். ஆனால், அந்த ‘டிக், டிக்’ பெரும்பாலும் பேட்டரியின் குரல். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுத்தம் செய்வது பத்து நிமிட வேலை. அதே காரின் கதவுக்குக் கீழே ஓடும் தகரத்தை உள்ளிருந்து துரு தின்றுகொண்டிருந்தால், அது சத்தமே போடாது. காரின் ஆயுளை முடிப்பது அதுதான்.

பழைய காரை வைத்திருப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். சத்தம் போடும் கோளாறுகள் பல நேரம் சின்னச் செலவில் முடிந்துவிடும். துரு, பிரேக் ஆயில், டைமிங் பெல்ட், ரப்பர் குழாய், டயரின் வயது ஆகியவை சத்தமில்லாமல் வந்து பெரிய செலவையோ விபத்தையோ கொண்டுவரும். வீட்டுப் பராமரிப்பு என்பது இவற்றைத் தேடிப் பார்ப்பதுதான்.

15 வருஷம் ஆனால் காரை ஓட்டக்கூடாதா?

ஓட்டலாம். டெல்லியில் 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் வண்டிகளுக்கு வந்த கட்டுப்பாடு தலைநகர்ப் பகுதிக்கானது. தமிழ்நாட்டில் வயதை மட்டும் காரணம் காட்டி ஒரு தனியார் காரை உடைக்கச் சொல்லும் விதி இல்லை.

தனியார் காரின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 25. பதிவு முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரல் 1 முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் ரூ.5,000. தாமதமானால் ஒவ்வொரு மாதத்துக்கும் ரூ.500 கூடுதல். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் இந்தக் கட்டணம் ரூ.10,000 ஆனது. இதோடு பசுமை வரியும் சேரும் என்பதால், கிளம்பும் முன் பரிவாகன் தளத்தில் மொத்தத் தொகையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நாகர்கோவில் (டி.என். 74), மார்த்தாண்டம் (டி.என். 75) அலுவலகங்களில் வண்டியை நேரில் காட்ட வேண்டும். பிரேக், லைட், ஹாரன், டயர், சீட் பெல்ட், துரு, புகைச் சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் பார்வைக்கு வரும். ஆக, 15-வது வருடப் பரிசோதனைக்கு 13-வது வருடத்திலேயே தயாராவதுதான் புத்திசாலித்தனம்.

கிலோமீட்டரை விடக் காற்றைக் கவனியுங்கள்

கோயம்புத்தூரில் ஓடிய ஒன்றரை லட்சமும் குளச்சலில் ஓடிய ஒன்றரை லட்சமும் ஒன்றல்ல. கடல் காற்றில் வரும் உப்புத்துகள் தகரத்தில் படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. உப்புக் கலந்த ஈரத்தில் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த உலோக அரிப்பை ஆராய மண்டபம் கடற்கரையில் தனியாக ஒரு சோதனை மையமே வைத்திருக்கிறது. கடலிலிருந்து தள்ளிப் போகப் போக உப்பின் தாக்கம் வேகமாகக் குறையும்.

குமரியில் கடற்கரைக்கும் மலைக்கும் ஒரு மணி நேரப் பயணம்தான். அதனால் வண்டி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துக் கவனிக்க வேண்டிய இடமும் மாறும்.

* கடற்கரை ஊர்கள் (முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம்): அடிப்பகுதி, சைலன்சர், பிரேக் குழாய், பேட்டரித் தட்டு. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவ வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவக்கூடாது. உப்பை நாமே பூசிவிடுவது போல ஆகிவிடும்.
* மலையோரம் (குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை): இங்கே உப்பை விட மழையும் ரப்பர் இலையும்தான் தொல்லை. முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் இலை மக்கினால் தண்ணீர் வடிகால் அடைபட்டு, மழைநீர் காருக்குள் இறங்கும்.
* ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம்: காற்றாலைகளைச் சுற்றும் காற்று தூசியையும் கொண்டுவரும். சர்வீஸ் வரை காத்திருக்காமல் ஏர் ஃபில்டரை இடையில் ஒரு முறை கழற்றித் தட்டிப் பார்க்க வேண்டும்.

எல்லா ஊருக்கும் பொதுவாக ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு கதவின் அடி விளிம்பிலும் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேறுவது இவற்றின் வழியாகத்தான். மண் அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே பாதி போயிருக்கும். ஒரு ஈர்க்குச்சி போதும், வருடத்துக்கு இரண்டு முறை, இரண்டு மழைக்காலத்துக்கும் முன்னால் குத்திவிடலாம்.

பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வைப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நனைந்த காரை மூடினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். காற்றோட்டமுள்ள கூரைதான் சிறந்தது. கூரை தென்னைக்கு நேர் கீழே வேண்டாம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை 20 நிமிடம்

‘வண்டி நல்லா ஓடுதுல்லா, பின்ன எதுக்குப் பாக்கணும்?’ ஊரில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காரணம் எளிது. பழைய இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் குடிக்கும், கூலன்ட்டைக் கொஞ்சம் கசியவிடும். அளவு குறைவதை முன்கூட்டியே பார்த்துவிட்டால் பாட்டில் செலவோடு முடியும். பார்க்காமல் விட்டால் இன்ஜின் செலவு.

இன்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில், சமதரையில் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டியவை:

ஆயில்: குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். நிறம் கறுத்திருப்பது சாதாரணம். பால் விட்ட காப்பி மாதிரி இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கூலன்ட்: ரிசர்வ் டப்பாவில் அளவு பாருங்கள். பச்சைத் தண்ணீரை ஊற்றக்கூடாது. கிணற்று நீரிலும் போர் நீரிலும் உள்ள உப்பு ரேடியேட்டருக்குள் படிந்து, மெல்லிய குழாய்களை அடைக்கும். கூலன்ட் கொதிநிலையை உயர்த்துவதோடு உள்ளே துருப்பிடிப்பதையும் தடுக்கிறது. ஒரு எச்சரிக்கை: கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், கொடிய விஷம். குழந்தையும் நாயும் எட்டும் இடத்தில் திறந்து வைக்கக்கூடாது. சூடான ரேடியேட்டரின் மூடியை எந்த அவசரத்திலும் திறக்கக்கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பேட்டரி: ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் டெர்மினலைத் தேய்த்தால் வெள்ளைப் பொடி நுரைத்துப் போய்விடும். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். காய்ந்த பிறகு லேசாக வாசலின் தடவலாம். ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் வராவிட்டால் கோளாறு பேட்டரியில் இல்லை, ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்கள். புது பேட்டரி வாங்கும் செலவை இந்த ஒரு சோதனை மிச்சப்படுத்தலாம்.

டயர்: பட்டன் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் தயாரானது. குறைவாக ஓடும் பழைய காரில் பட்டன் தேயும் முன்பே ரப்பர் இறுகி, பக்கவாட்டில் நுண்ணிய வெடிப்பு விழும். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஸ்டெப்னியையும் மறக்காமல் பாருங்கள்.

பிரேக்: தள்ளிப்போடக்கூடாத ஒன்று

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு, தர அளவின்படி அது 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். பாலமோர், மாறாமலை மாதிரி இடங்களிலிருந்து தொடர்ந்து பிரேக் மிதித்தபடி இறங்கும்போது சூடு ஏறி ஆயில் கொதித்தால், குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. அதற்கு முந்தைய நாள் வரை நாகர்கோவில் டவுனில் பிரேக் நன்றாகத்தான் பிடித்திருக்கும்.

குமரி மாதிரி ஈரக்காற்று உள்ள ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை முழுதாக மாற்றுவது அவசியம். மலை இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குவதும் அதே அளவு முக்கியம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகள் உண்டு. பெடலை அழுத்திப் பிடித்தால் மெதுவாகக் கீழே இறங்குகிறதா? உள்ளே கசிவு இருக்கலாம். பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? காற்று புகுந்திருக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதித்து, பெடலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே போனால் பூஸ்டர் சரியாக இருக்கிறது. சோதிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரேக்கைப் பிரித்து வேலை செய்வது தெரிந்தவர் கையில் இருக்கட்டும்.

டைமிங் பெல்ட்டும் ரப்பர் குழாய்களும்

மாருதி 800, பழைய ஆல்ட்டோ, பழைய வேகன்-ஆர், முதல் தலைமுறை சான்ட்ரோ ஆகியவற்றின் பெட்ரோல் இன்ஜின்களிலும், இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசலிலும் இருப்பது டைமிங் பெல்ட். ஸ்விஃப்ட்டின் 1.2 லிட்டர் கே-சீரிஸ் பெட்ரோல், 1.3 லிட்டர் டீசல் போன்றவற்றில் செயின். செயின் தேய்ந்தால் கலகலவென்று சத்தம் தரும். பெல்ட் சொல்லாமல் அறும். அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், தலையைப் பிரிக்க வேண்டிவரும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. மேனுவலில் கிலோமீட்டர், வருடம் இரண்டும் இருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு.

ரப்பர் விளைகிற மாவட்டம் இது. வெயிலும் சூடும் ரப்பரை என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் குழாயை விரலால் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தாலும், கொழகொழவென்று இருந்தாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பெட்ரோல் குழாய்களுக்கு இப்போது கூடுதல் கவனம் தேவை. பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 வந்துவிட்டது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. செலவு பெரிதில்லை, சர்வீஸோடு மாற்றிவிடலாம் என்பதும் அந்த விளக்கத்தில் இருந்தது. காருக்குள்ளோ பானெட்டுக்கு அருகிலோ பெட்ரோல் வாடை வந்தால் அடுத்த சர்வீஸுக்குக் காத்திருக்க வேண்டாம். தீப்பிடிக்கும் அபாயம் அது.

எதை நாமே செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர், வைப்பர், பல்பு, ஃபியூஸ், பேட்டரி, எளிதில் எட்டும் ஸ்பார்க் பிளக் ஆகியவை வீட்டு வேலைகள். கொஞ்சம் பழகிய பின் இன்ஜின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றலாம். மேனுவலில் சொன்ன கிரேடு ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். ‘பழைய வண்டி, கெட்டி ஆயில் ஊத்துங்க, சத்தம் குறையும்’ என்ற யோசனை சத்தத்தை மறைக்கும், கோளாறை அல்ல.

வடித்த ஆயில் அபாயகரக் கழிவுப் பட்டியலில் உள்ளது. தோப்பிலோ ஓடையிலோ ஊற்றினால் அது நம்ம ஊர்க் குளத்துக்கும் கிணற்றுக்கும்தான் போகும். கேனில் பிடித்து, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் செய்யவே கூடாதவை:

* ஜாக்கி மட்டும் போட்டுக் காருக்கு அடியில் போவது. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அடியில் போக ஜாக்கி ஸ்டாண்டு வேண்டும், தரை உறுதியாக இருக்க வேண்டும். மழையில் ஊறிய முற்றத்து மண் நம்பக்கூடாத தரை. ஜாக்கி நிற்கும் தகரமே துருப்பிடித்திருந்தாலும் வண்டி சரியும்.
* மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடுவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ கிடையாது.
* ஏர்பேக் வயர், ஏ.சி. கேஸ், எல்.பி.ஜி., சி.என்.ஜி. குழாய்களில் கை வைப்பது.

வெள்ளத்தில் நனைந்தால்?

2017 நவம்பர் 30 ஒக்கி புயலையும் 2021 நவம்பர் வெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் இது. தண்ணீரில் நின்ற காரை ‘ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்’ என்பதுதான் மிக விலையுயர்ந்த தவறு. காற்று போகும் வழியில் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்திருந்தால், பிஸ்டன் தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாவியைத் தொடாமல், தண்ணீர் வடிந்ததும் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, டோ செய்து கொண்டுபோக வேண்டும். தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததால் வரும் சேதத்தை, இன்ஜின் பாதுகாப்பு என்ற தனி இணைப்பு இல்லாத பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை.

எப்போது போதும் என்று நிறுத்துவது?

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள், அல்லது போனில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம், செலவு. ஒரு வருடம் எழுதினால் ‘இந்த வண்டி என்னைத் தின்னுது’ என்ற புலம்பல் உண்மையா என்று தெரிந்துவிடும். புதிய காரின் ஒரு வருட இ.எம்.ஐ.யையும் இன்சூரன்ஸையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பல வீடுகளில் பழைய காரே ஜெயிக்கும்.

ஆனால், இரண்டு இடங்களில் கணக்குப் பார்க்கக்கூடாது. ஒன்று, சஸ்பென்ஷன், சீட் பெல்ட், ஜாக்கி ஆகியவை பிடித்திருக்கும் தகரம் அழுகியிருந்தால். மேலே பட்டி பூசி, பெயின்ட் அடித்தால் பார்வைக்குச் சரியாகும், மோதினால் தாங்காது. அதை முறையாக வெட்டி வெல்டிங் செய்ய முடியாவிட்டால் வண்டிக்கு விடைகொடுப்பதுதான் சரி. இரண்டு, பிரேக்குக்கோ ஸ்டியரிங்குக்கோ நம்பகமான பாகம் கிடைக்காமல் போனால். மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொள்ளலாம். நீல நிறப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் அதிகம் போகிறது. சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது. மூன்றுக்கும் வைத்தியம் உண்டு. செலவு கட்டுப்படியாகுமா என்பதை நோட்டு சொல்லும்.

எங்கே தொடங்குவது என்று யோசிப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு வேலை செய்யலாம். டிரைவர் சீட்டுக்கு முன்னால் கிடக்கும் மிதியடியைத் தூக்குங்கள். அடியில் உள்ள கார்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். காய்ந்திருந்தால் நல்லது. ஈரம் கையில் ஒட்டினால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை அடுத்த மழைக்கு முன் கண்டுபிடித்தாக வேண்டும்.